“சார், இது வேலைக்குப் போனா எங்க உதவும்?” என்று கேட்கும் மாணவருக்கு என்ன சொல்வது

பாடம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து வரும் இந்தக் குரலைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. “சார், இதெல்லாம் வேலைக்குப் போனா எங்க சார் யூஸ் ஆகும்?” கேட்டவுடன் நமக்குச் சுருக்கென்று இருக்கும், ஏனென்றால் நாம் வருடக்கணக்கில் கட்டிக்கொண்டு அழுத பாடத்தை ஒரே வரியில் தட்டிவிட்டுப் போகிறான். அந்தக் கோபத்தில் “பரீட்சைக்கு வரும், எழுதிக்கோ” என்போம். கொஞ்சம் பொறுமை இருந்தால் “இப்பப் புரியாது, பின்னாடி புரியும்” என்போம். நான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது “இதுதான்பா எல்லாத்துக்கும் அடிப்படை” என்பது. அது பொய் இல்லை, ஆனால் எதற்கு அடிப்படை, யாருக்கு, எப்போது என்று திருப்பிக் கேட்டிருந்தால் நானே திணறியிருப்பேன். மாணவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு, அறிவியல், பொறியியல் பக்கத்து உதாரணங்கள் அதிகம் வரும், எனக்குப் பழகிய பக்கம் அது. செய்முறை எந்தப் பாடத்துக்கும் பொருந்தும்.

முதலில், கேள்வி எப்போது வருகிறது என்று பாருங்கள்

புதுப் பாடம் தொடங்கும் நாளில் வந்தால் அது நிஜமான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு நிரூபணத்தின் மூன்றாவது வரியில் வந்தால் அதன் அர்த்தம் பெரும்பாலும் “நான் இரண்டாவது வரியிலேயே விழுந்துட்டேன் சார்” என்பதுதான். புரியவில்லை என்று நாற்பது பேர் முன்னால் சொல்வதைவிட, இது எதற்கு என்று கேட்பது கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே போய் வேலைவாய்ப்பு, எதிர்காலம் என்று பிரசங்கம் செய்தால் அவன் இன்னும் ஆழமாகப் போய்விடுவான். “சரி, சொல்றேன், அதுக்கு முன்னாடி இந்த வரிவரைக்கும் சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டு இரண்டாவது வரிக்குத் திரும்புங்கள். வரி புரிந்த பிறகு பாதிப் பேர் அந்தக் கேள்வியை மறந்தே போவார்கள்.

மீதிப் பாதிக்குப் பதில் வேண்டும். அதை வகுப்பில் நின்றபடி யோசிக்க முடியாது.

பதிலை முன்கூட்டியே தேடி வையுங்கள்

நம்மில் பலர் படித்து முடித்த கையோடு கற்பிக்க வந்தவர்கள். பாடம் தெரியும், அந்தப் பாடத்தை வைத்துச் சம்பாதிப்பவர் காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்பது தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரியாமலே வைத்துக்கொண்டு மாணவனைக் குறை சொல்வதுதான் சரியில்லை.

ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அதில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவர் ஏதோ ஒரு வேலையின் நடுவில் இருக்க வேண்டும், இந்தப் பாடம் தெரியாவிட்டால் எடுக்க முடியாத ஒரு முடிவு அவர் முன்னால் இருக்க வேண்டும். “புள்ளியியல் டேட்டா சயின்ஸுக்கு உதவும்” என்பது அப்படிப்பட்ட வாக்கியம் இல்லை, அதில் துறையின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. “மாத்திரைப் பொட்டலம் போடும் இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் எத்தனை பொட்டலத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தால் இயந்திரத்தை நிறுத்தலாமா வேண்டாமா என்று தைரியமாகச் சொல்லலாம்?” இது வாக்கியம். இங்கே மாதிரி எடுத்தல், திட்ட விலக்கம் எல்லாம் தானாக வந்து நிற்கும். கணக்குப்பதிவியலில் தேய்மானம் நடத்துகிறீர்களா? “லாபம்னு இவ்வளவு காட்டுறீங்க, பேங்க்ல அவ்வளவு பணம் இல்லையே” என்று முதலாளி கேட்கும்போது கணக்காளர் என்ன சொல்வார் என்று தொடங்குங்கள். மொழிப் பாடத்தில் சுருக்கி எழுதுதலா? ஒரு மணி நேரம் நடந்த கூட்டத்துக்கு வராத மேலாளர் ஐந்து வரியில் கேட்கிறார், எதை விடுவது?

வாக்கியம் வரவில்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்களிடம் படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள்தான் நல்ல ஆட்கள். பெரிய பதவியில் இருக்கும் பழைய மாணவரைவிட இவர்கள் மேல், ஏனென்றால் கீழ்மட்ட வேலையின் அன்றாடம் இவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் “நான் நடத்தினது உதவுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், “ரொம்ப உதவுது சார்” என்றுதான் சொல்வார்கள், வேறென்ன சொல்வார்கள். “போன வாரம் எந்த வேலைல மாட்டிக்கிட்டு முழிச்ச?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதையில் உங்கள் பாடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது உங்கள் வேலை. சில சமயம் இருக்காது. அதுவும் தெரியவேண்டிய தகவல்தான்.

வேலை விளம்பரங்களையும் பார்க்கலாம். மேலே இருக்கும் தகுதிப் பட்டியலை விட்டுவிட்டு, கீழே பொறுப்புகள் என்று போட்டிருக்கும் இடத்திலுள்ள வினைச்சொற்களைப் படியுங்கள்: ஒப்பிடு, சரிபார், மதிப்பிடு, விளக்கு, அறிக்கை எழுது. அந்த வினைச்சொற்களைப் பாடத்தில் தேடினால் நிறையக் கிடைக்கும்.

வகுப்பில் சொல்வது எப்படி

பாடத்தை முழுக்க நடத்திவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் “இதன் பயன்கள்” என்று எழுதிப்போடுவதை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் பையை மூடிவிட்டிருப்பார்கள். பிரச்சினையை முதலில் வையுங்கள், பாடம் அதற்கான கருவியாகப் பின்னால் வரட்டும்.

நிலையியல், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்கள் மீதான விசைகளின் பாடம், நடத்துபவர்களுக்கு ஒரு உதாரணத்தை விவரமாகவே சொல்கிறேன். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜன்சி ஹோட்டலுக்குள் தொங்கிக்கொண்டிருந்த நடைபாலங்கள் இடிந்து விழுந்தன. இறந்தவர்கள் 114 பேர். இரண்டாவது மாடிப் பாலம் நான்காவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே தொங்கியது. முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் துளைத்துக்கொண்டு கீழே வரும், ஒவ்வொரு பாலமும் தன் நட்டில் உட்கார்ந்து தன் எடையை நேராகக் கம்பியில் ஏற்றும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டுவது சிரமம் என்பதால் கட்டும்போது அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். கூரையிலிருந்து நான்காவது மாடிப் பாலத்துக்கு ஒன்று, அந்தப் பாலத்திலிருந்து இரண்டாவது மாடிப் பாலத்துக்கு இன்னொன்று.

இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். பலகையில் இரண்டு படம் போடுங்கள். முதல் படத்தில் ஒரு கயிறு, இரண்டு பேர் மேலும் கீழுமாகக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார்கள். இரண்டாவது படத்தில் மேலே இருப்பவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார், கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்திருக்கிறார். “எது எவ்வளவு மாறுச்சு?” என்று கேளுங்கள். அவசரக்காரர்கள் கயிற்றின் மேல்முனையில் பாரம் கூடிவிட்டது என்பார்கள். இல்லை, அங்கே இரண்டு படத்திலும் அதே இரண்டு ஆள் எடைதான். இரட்டிப்பானது மேலே இருப்பவரின் கைப்பிடி மேல் விழும் பாரம். கட்டடத்தில் அந்தக் கை என்பது நான்காவது மாடிப் பாலத்தின் உத்தரத்துக்கு அடியில் இருந்த நட்டு. முதல் வருடத்தில் நாம் சலிக்கச் சலிக்கப் போடச் சொல்லும் தனிப்பொருள் வரைபடத்தை (ஒரு பொருளை மட்டும் தனியாக வரைந்து அதன் மேல் விழும் விசைகளைக் குறிக்கும் படம்) அந்த இணைப்புக்கு மட்டும் தனியாக ஒருவர் போட்டுப் பார்த்திருந்தால் போதும், வெளியே வந்திருக்கும். முதல் வரைபடமும் அங்கிருந்த கட்டட விதிகளின்படி போதுமான பலம் கொண்டதாக இல்லை என்று விசாரணையில் பிறகு தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள், கதையை நமக்கு வசதியாக வெட்டக்கூடாது.

இதற்குப் பிறகு “அம்புக்குறி போட்டு விசையைக் குறி” என்றால் முனகல் குறைவாகத்தான் வரும்.

ஆனால் விபத்துக் கதைகளை மட்டுமே நம்பாதீர்கள். எனக்கே அந்தப் பழக்கம் இருந்தது. ராக்கெட் வெடித்தது, பாலம் விழுந்தது என்று வாரம் ஒன்று சொன்னால் முதல் இரண்டு கதைகளுக்கு வகுப்பு வாயைப் பிளக்கும், மூன்றாவதில் “நம்ம எங்க ராக்கெட் விடப்போறோம்” என்று ஆகிவிடும். அவர்களில் பலர் உட்காரப்போவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் முன்னால். எனவே அந்த உலகத்திலிருந்தும் எடுக்க வேண்டும்.

அதற்கு எனக்கு மிகப் பிடித்தது தாமஸ் ஹெர்ன்டன் கதை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர், வகுப்பு அசைன்மென்ட் ஒன்றுக்காகப் பிரபலமான ஒரு பொருளாதார ஆய்வை எடுத்து அதன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். அரசாங்கக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று சொன்ன, கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட கட்டுரை அது. எத்தனை தடவை போட்டும் விடை பொருந்தவில்லை. கடைசியில் கட்டுரையை எழுதியவர்களிடமே அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் சேரவே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் சராசரி எடுத்த விதம்: ஒரு நாட்டின் ஒரே ஒரு வருடக் கணக்குக்கும் இன்னொரு நாட்டின் 19 வருடச் சராசரிக்கும் சமமான எடை கொடுத்திருந்தார்கள். சில வருடங்களின் தரவும் விடுபட்டிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து அவரும் அவருடைய பேராசிரியர்களும் 2013இல் வெளியிட்ட கணக்கில், கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்று இருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமாக மாறியது. எடை கொடுத்த விதம் சரிதான் என்று கட்டுரையை எழுதிய இருவரும் வாதிட்டார்கள், ஆனால் சூத்திரப் பிழையை ஒப்புக்கொண்டார்கள்.

நிறைச் சராசரி, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு எடை என்று பார்த்து எடுக்கும் சராசரி, பள்ளிக்கூடப் பாடம். அதை நடத்தும்போது இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஒரு சின்ன அட்டவணையில் இரண்டு விதமாகவும் சராசரி எடுக்கச் சொல்லுங்கள், எது நியாயம் என்று அவர்களே சண்டை போடட்டும். அலுவலகத்தில் அவர்கள் போடப்போகும் சண்டையும் அதுதான்.

நர்சிங், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு நிகழ்தகவு கசக்கும். அவர்களிடம் இப்படிக் கேளுங்கள். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 100க்கு 90 பேரைச் சோதனை சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 100க்கு 9 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்தவர் அழுதுகொண்டே உங்கள் முன்னால் நிற்கிறார், என்ன சொல்வீர்கள்? பலரும் 90 சதவீதம் நோய் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நிஜ நோயாளிகளில் 9 பேர், ஆரோக்கியமானவர்களில் 89 பேர், ஆக பாசிட்டிவ் வந்த 98 பேரில் நோய் இருப்பவர் 9 பேர்தான். இதற்குப் பிறகு சூத்திரத்தை எழுதுங்கள்.

சொல்வதைக் குறைத்து எழுதவையுங்கள்

இவ்வளவும் சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். நாம் சொல்லும் பயனைவிட அவர்களே கண்டுபிடிக்கும் பயன்தான் ஒட்டும்.

உளவியல் ஆய்வாளர்களான கிறிஸ் ஹல்மனும் ஜூடித் ஹாரக்கிவிச்சும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் மாணவர்களில் ஒரு பகுதியினரைப் படித்த பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே பொருந்துகிறது என்று அவ்வப்போது எழுதச் சொன்னார்கள், மற்றவர்களைப் பாடத்தின் சுருக்கத்தை மட்டும் எழுதச் சொன்னார்கள். தனக்கு இந்தப் பாடம் வராது என்று நினைத்திருந்த மாணவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. தொடர்பை எழுதியவர்களுக்கு ஆர்வமும் கூடியது, மார்க்கும் கூடியது. பிறகு 2015இல் ஹாரக்கிவிச் இன்னொரு ஆய்வில் பங்கெடுத்தார், அதை ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறை யோசிக்க வேண்டும். பாடம் பயனுள்ளது என்று வெளியிலிருந்து சொல்லப்பட்டபோது, தன்னம்பிக்கை குறைவாக இருந்தவர்களுக்கு அது உதவுவதற்குப் பதில் பின்னுக்கு இழுத்தது. யோசித்தால் புரிகிறது. “இது இல்லேன்னா வேலையே கிடைக்காது” என்று, தனக்கு வரவே வராது என்று பயந்துபோயிருப்பவனிடம் சொன்னால், அவன் காதில் விழுவது “உனக்கு வேலை கிடைக்காது” என்பதுதான்.

நான் செய்வது இது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, வகுப்பில் பத்து நிமிடம், அரைப் பக்கம். கேள்வி: “இந்த மாதம் படித்ததில் ஒன்றை எடுத்துக்கொள். உனக்குத் தெரிந்த ஒருவரின் வேலையிலோ நீ போக நினைக்கும் வேலையிலோ அது எந்த இடத்தில் வரும்? அந்த இடத்தில் அது தெரியாதவர் என்ன தப்பு செய்வார்?” கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் “எதிர்காலத்தில் மிகவும் பயன்படும்” என்ற கட்டுரை வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். தப்பு என்ன என்று கேட்டால் நிஜமாக யோசித்தே ஆகவேண்டும். மெக்கானிக்கின் மகள் ஒருத்தி முறுக்குவிசை பற்றி எழுதிய அரைப் பக்கம் என் பாடக்குறிப்பைவிட நன்றாக இருந்தது, அவளிடம் அனுமதி கேட்டு அடுத்த வருடம் அதைத்தான் வகுப்பில் படித்தேன்.

இதற்கு மார்க் போடாதீர்கள். போட்டால் நமக்குப் பிடித்ததை எழுத ஆரம்பிப்பார்கள். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தால் போதும். வகுப்பு பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் படிக்க முடியாது, பரவாயில்லை, தடவைக்கு இருபது தாள் என்று சுழற்சியில் படியுங்கள்.

நேரடியாக உதவாத பாடம் வந்தால்

உதவாது என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரையில் இது ஒன்றுதான் மற்ற எல்லாப் பதில்களுக்கும் நம்பகத்தன்மை கொடுக்கிறது. “இந்தச் சூத்திரத்தை வேலையில் நீங்க கையால போட மாட்டீங்க, சாஃப்ட்வேர் போடும். ஆனா அது தப்பான விடை கொடுத்தா கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்பது ஒரு நேர்மையான பதில். “இது அடுத்த செமஸ்டர்ல வரப்போற ஒண்ணுக்குப் படிக்கட்டு” என்பது இன்னொன்று. “சிலபஸ்ல இருக்கு, ஏன்னு எனக்கும் தெரியலை, மூணு வகுப்புல முடிச்சிடலாம்” என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், வகுப்பு சிரித்தது, பாடமும் முடிந்தது.

தூய கணிதம் எப்படியோ ஒரு நாள் உதவும் என்று காட்ட நமக்கு ஆசை வரும். யோஹான் ராடோன் 1917இல் எழுதிய கணிதம் இன்று சிடி ஸ்கேனுக்கு அடியில் இருக்கிறது, ஆனால் முதல் நோயாளியை அப்படி ஸ்கேன் செய்தது 1971இல். அருமையான கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அடுத்த வருடம் வேலை தேடப்போகிறவரிடம் 54 வருடம் பொறு என்று சொல்வது பதில் ஆகாது. அதை அழகுக்காகச் சொல்லுங்கள், தொழிலுக்காகச் சொல்லாதீர்கள்.

அப்புறம், வேறு துறைக்குப் போக முடிவெடுத்துவிட்ட மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களை இழுத்துப் பிடிக்க வேண்டாம். எந்தத் துறை என்று கேட்டு, அந்த அரைப் பக்கத்தை அந்தத் துறையை வைத்தே எழுதச் சொல்லுங்கள். திரைப்பட எடிட்டிங்குக்குப் போகப்போகும் இயற்பியல் மாணவன் அதிர்வெண்ணைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

கேள்வித்தாளில் கை வையுங்கள்

வருடம் முழுக்க இப்படி நடத்திவிட்டுத் தேர்வில் “வரையறு, வகைகளை எழுதுக” என்று மட்டும் கேட்டால், நாம் சொன்னது எதுவும் நிஜமில்லை என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள், சரியாகவே. முழுத் தாளும் நம் கையில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் உள்தேர்வில் ஒரு கேள்வியாவது மாற்ற முடியும். ஒரு ஆள், ஒரு சூழ்நிலை, தேவையில்லாத ஒன்றிரண்டு எண்களும் கலந்த தகவல், எடுக்கவேண்டிய முடிவு. தேவையில்லாத எண்களைச் சேர்ப்பது வம்புக்கு இல்லை, வேலையில் யாரும் தேவையான எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

கடைசி வருட மாணவர்களுக்கு இன்னும் ஒரு படி போகலாம். இன்டர்வியூவில் “என்ன ப்ராஜெக்ட் செஞ்சீங்க?” என்று கேட்டால் தலைப்பைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். பழைய லேப் ரெக்கார்டிலிருந்தோ அசைன்மென்ட்டிலிருந்தோ ஒன்றை எடுத்து, எந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது, எதைத் தேர்ந்தெடுத்தாய், ஏன், எது சொதப்பியது என்று இரண்டு நிமிடம் பேசப் பழக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் வேறு பாடப்பிரிவாக இருந்தால் இன்னும் நல்லது, அவருக்குப் புரியும்படி பேசவேண்டியிருக்கும். முதல் தடவை பெரும்பாலும் நாற்பது விநாடியில் முடிந்துவிடும், எது சொதப்பியது என்று திரும்பக் கேளுங்கள், அங்கிருந்துதான் பேச்சு நீளும்.

இதையெல்லாம் ஒரே செமஸ்டரில் செய்ய முயலாதீர்கள், நான் முயன்று பாதியில் விட்டேன். நாளைக்கு நடத்தப்போகும் பாடத்துக்கு மட்டும் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால், வகுப்பிலேயே பலகையில் பாதி வாக்கியத்தை எழுதி வைத்துவிட்டு, மீதியை முடிக்கச் சொல்லி அந்தப் பின்வரிசைக் குரலிடமே சாக்பீஸைக் கொடுங்கள்.